உறக்கத்தைச் சீசாவில் வாங்க முடியுமா?

பெயரிலேயே ஓய்வைச் சுமந்து நிற்கும் பேட்டை நம்முடையது. மராட்டியில் ‘விஷ்ராந்தி’ என்றால் இளைப்பாறுதல். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘விச்ராந்தி’ என்று சொல்வதும் அதே சொல்தான். ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கு, திகியைத் தாண்டி விஷ்ராந்த்வாடி வழியாகத்தான் புனே நகருக்குள் நுழைகிறது. ஆனால் இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். “ராத்திரி சரியான தூக்கமே இல்லைங்க” என்ற பதில்தான் பல வீடுகளில் கிடைக்கும். ஒரு பக்கம் லோஹேகாவ் விமான தளத்தின் இரைச்சல். மறுபக்கம் ஆளந்தி சாலையில் ஓயாத வண்டிகள். கட்கி தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த அப்பாக்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிள்ளைகளோ கராடியிலும் எரவாடாவிலும் அமெரிக்க நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சூழ்நிலையில் அலமாரிக்குள் மெல்ல மெல்லச் சீசாக்கள் சேருகின்றன. அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த மெலடோனின் மிட்டாய் ஒன்று. “அப்பா, படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கோங்க, இங்கே எல்லாரும் சாப்பிடுறாங்க” என்று போனிலும் சொல்லிவிடுகிறாள். ஊருக்குப் போய் வந்த மைத்துனர் கொடுத்த அமுக்கரா சூரணம் ஒன்று. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய மெக்னீசியம் ஒன்று. எப்போதோ டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்து, பத்து வருடமாகத் தொடரும் ஒரு சின்ன மாத்திரையும் இருக்கும். அவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தோடு வந்ததுதான். ஆனால் நான்கும் ஒரே வயிற்றுக்குள் போகின்றன என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சத்து மாத்திரைகள் எல்லாமே வீண் என்று சொல்ல இக்கட்டுரை வரவில்லை. எல்லாமே நல்லது என்று சொல்லவும் வரவில்லை. உறக்கம் ஏன் கெட்டது என்ற காரணம் தெரிந்த பிறகு, அந்தக் காரணத்துக்குப் பொருந்துகிற ஒரே ஒரு பொருளை, அளவறிந்து, காலவரம்போடு சாப்பிடுவது ஒரு முறை. கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து விழுங்குவது இன்னொரு முறை. முதல் முறையைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் காரணம், பிறகு மருந்து

திருக்குறளில் 95-ஆவது அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் வள்ளுவர் மூலிகைப் பட்டியல் எதுவும் தரவில்லை. நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, பிறகு தணிக்கும் வழியைப் பார்க்கச் சொல்கிறார். உறக்கமின்மைக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை. ஏனென்றால் உறக்கமின்மை பல சமயம் தனி நோயாக வருவதில்லை, வேறொன்றின் அறிகுறியாகவே வருகிறது.

முதலில் உண்மையிலேயே உறக்கம் குறைவுதானா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவ நிபுணர்கள் 2015-ல் அறிவித்தார்கள். இரவு எட்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு விழிக்கும் தாத்தா ஏழு மணி நேரம் தூங்கிவிட்டார். மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் எட்டு மணி ஆகிறது. அவருக்குத் தேவை மாத்திரை அல்ல. சற்றுத் தாமதமாகப் படுப்பதும், பகல் தூக்கத்தைச் சுருக்குவதும்தான். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல், படுத்தும் தூக்கம் வராமலோ நடுவில் விழித்தோ அவதிப்பட்டு, பகலில் வேலை செய்ய முடியாமல் போனால்தான் அதை நாட்பட்ட உறக்கமின்மை என்கிறார்கள்.

அடுத்து, நம் வீட்டுக் காபி. காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே உடலில் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. சிலருக்கு அதைவிடவும் அதிகம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் சாப்பிட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உறக்கம் குறைந்ததாக 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 400 மில்லிகிராம் என்பது பல டம்ளர் காபிக்குச் சமம். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு டிகிரி காபியும் பத்து மணிக்கு உறக்க மாத்திரையும் ஒரே வீட்டில் நடந்தால், ஒன்று மற்றதோடு மல்லுக்கட்டுகிறது என்றுதான் பொருள்.

மூன்றாவது, குறட்டை. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குவது ஆகியவை உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயின் அடையாளங்கள். இவர்களுக்கு மயக்கம் தரும் மாத்திரைகளும் மதுவும் அடைப்பை மேலும் மோசமாக்கலாம். இவர்கள் கடைக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் போக வேண்டும். மாலையில் போடும் நீர் மாத்திரை, தைராய்டு மருந்தின் அளவு கூடிப்போவது, ஸ்டீராய்டு மருந்து, மனக்கவலை, மனச்சோர்வு ஆகியவையும் இரவைக் கெடுக்கும். ஊரைவிட்டு வந்து நாள் முழுக்க ஃபிளாட்டுக்குள் தனியே இருக்கும் பெற்றோரின் உறக்கமின்மைக்குப் பின்னால் பேச ஆளில்லாத தனிமை இருக்கக்கூடும். அதற்குச் சீசாவில் மருந்தில்லை.

மெலடோனின் செய்யும் வேலை

மெலடோனின் நம் மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருட்டியதும் சுரக்கும் பொருள். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவரும் அவரது குழுவினரும் மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இது ஆளை அடித்துப் போடும் மயக்க மருந்து அல்ல. “இரவு வந்துவிட்டது” என்று உடலுக்கு மணியடித்துச் சொல்லும் தூதுவன். ஆகவே உடலின் கடிகாரம் தவறிப்போனவர்களுக்குத்தான் இது நன்றாக உதவுகிறது.

பேரன் பேத்தியைப் பார்க்க நியூஜெர்சிக்கோ கலிபோர்னியாவுக்கோ போகும் பெற்றோர் இதற்கு நல்ல உதாரணம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடந்து பயணம் செய்வோருக்கு மெலடோனின் பயனளிக்கிறது என்று 2002-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில், அரை மில்லிகிராம் முதல் ஐந்து மில்லிகிராம் வரை, சில நாட்கள் போதும். தவறான நேரத்தில், அதாவது அந்த ஊர்ப் பகலில் சாப்பிட்டால் கடிகாரம் மேலும் குழம்பும்.

ஆனால் வருடக்கணக்காக உறக்கம் வராதவருக்கு? 19 ஆய்வுகளை, மொத்தம் 1,683 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், மெலடோனின் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழு நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். மொத்த உறக்கம் எட்டு நிமிடம் கூடியது. பலன் இருக்கிறது, ஆனால் சிறிது. நாட்பட்ட உறக்கமின்மைக்கு மெலடோனினைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் தன் 2017 வழிகாட்டியில் மருத்துவர்களுக்குச் சொன்னது. வலேரியன் என்ற மூலிகைக்கும் ட்ரிப்டோஃபானுக்கும் அதே பதில்தான். ஐரோப்பாவில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று 2 மில்லிகிராம் மெல்லக் கரையும் மெலடோனின் மாத்திரைக்கு 2007-ல் அனுமதி கிடைத்தது. அளவைக் கவனியுங்கள்: இரண்டு மில்லிகிராம். நம் கைக்கு வரும் சீசாக்களில் ஐந்தும் பத்தும் இருக்கின்றன. அதிகம் போட்டால் அதிகம் தூக்கம் என்ற கணக்கு இங்கே செல்லாது. மறுநாள் தலைக்கனமும் மந்தமும்தான் கூடும்.

இன்னொரு சங்கடம், சீசாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது. கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். எழுதிய அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. எட்டுத் தயாரிப்புகளில் எழுதப்படாத செரடோனின் என்ற பொருளும் கலந்திருந்தது. அமெரிக்காவில் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்து 2023-ல் வெளியிட்டபோது, 22-ல் அளவு தவறாக இருந்தது; ஒன்றில் மெலடோனினே இல்லை. “அமெரிக்கச் சரக்கு, தப்பாக இருக்காது” என்ற நம் நம்பிக்கைக்கு இது ஒரு பாடம். அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை உணவுத் துணைப்பொருள்கள். விற்பனைக்கு வருமுன் மருந்தைப்போல் அரசின் ஒப்புதல் பெறத் தேவையில்லை.

மிட்டாய் வடிவில் வருவதால் வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012-ல் 8,337, 2021-ல் 52,563. தாத்தாவின் தலைமாட்டில் திறந்து கிடக்கும் சீசா பேரனுக்கு வெறும் மிட்டாய் டப்பாதான். பூட்டி வையுங்கள்.

அமுக்கரா: நம் வீட்டுச் சொத்து, ஆனாலும் மருந்து

அசுவகந்தா என்று இன்று உலகமெங்கும் விற்கப்படுவது நம் அமுக்கராக் கிழங்குதான். இதன் தாவரவியல் பெயரில் உள்ள ‘சோம்னிஃபெரா’ என்ற லத்தீன் சொல்லுக்கே ‘உறக்கம் தருவது’ என்று பொருள். சித்த மருத்துவத்தில் அமுக்கரா சூரணம் பழம்பெருமை வாய்ந்தது. உறக்கத்துக்கு இது ஓரளவு உதவுகிறது என்பதற்கு ஆதாரமும் உண்டு. ஐந்து ஆய்வுகளை, சுமார் 400 பேரை, ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, சிறிய அளவில் ஆனால் தெளிவான முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. அந்த ஆய்வுகள் சில வாரங்கள் மட்டுமே நடந்தவை. வருடக்கணக்காகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை பதிலாகா.

இங்கே இரண்டு வேறுபாடுகளை மறக்கக் கூடாது. ஒன்று, சூரணம் வேறு, சத்தெடுத்த மாத்திரை வேறு. ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் வேரிலிருந்து செறிவாக எடுத்த சத்து. நம் சூரணம் பல சரக்குகள் சேர்ந்த பொடி. மரபான முறையில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு என்று ஒவ்வொன்றாக இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் சர்க்கரை நூற்று இருபத்தெட்டு பங்கு சேர்ப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: முன்னவை ஏழும் சேர்ந்து 127, சர்க்கரை மட்டும் 128. பாதிக்குப் பாதி சர்க்கரை! நீரிழிவு உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இரண்டாவது, வேர் வேறு, இலை வேறு. இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. உறையில் ‘வேர்’ என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

‘இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது’ என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. அசுவகந்தா சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் மஞ்சள் காமாலையும் வந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-லும், இந்திய மருத்துவர்கள் 2023-லும் பதிவு செய்தார்கள். எண்ணிக்கை குறைவுதான்; ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அபாயம் மிகுதி. 2023-ல் டென்மார்க் இதை உணவுப் பொருள்களில் சேர்ப்பதைத் தடை செய்தது. சாப்பிடும்போது கண் மஞ்சளானாலும், சிறுநீர் கருத்தாலும், உடம்பெல்லாம் அரித்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. தைராய்டு மருந்து சாப்பிடுவோர், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர், உறக்க மாத்திரை சாப்பிடுவோர் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

அடுக்களை மருந்துகள்

பாலில் கசகசா அரைத்துக் கொடுப்பதும், ஜாதிக்காயை உரைத்துக் கொடுப்பதும் நம் பாட்டிமார் கைவைத்தியம். மராட்டியர் வீடுகளிலும் பூரண்போளியில் ‘ஜாய்ஃபள்’ மணக்கும். சமையலுக்குப் போடும் அளவில் இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் ஜாதிக்காயை ‘நன்றாகத் தூங்கட்டும்’ என்று தாராளமாகப் போடக் கூடாது. சுமார் ஐந்து கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு முழுக் காய் அளவு உட்கொண்டவர்களுக்குப் படபடப்பு, வாந்தி, மனக்குழப்பம் ஏற்பட்டிருக்கின்றன. கைக்குழந்தைக்கு இதை உறக்க மருந்தாகக் கொடுப்பதை விட்டுவிடுவதே நல்லது.

கசகசா, அபினி தரும் செடியின் விதை. விதைக்குள் அபினி இல்லை. அறுவடையில் மேலே ஒட்டிய பாலில் சிறிதளவு மார்ஃபின் இருக்கலாம். கழுவினால் பெரும்பகுதி போய்விடும். இதில் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதி அரேபியாவிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். இங்கே மளிகைக் கடையில் நூறு கிராம் பொட்டலம் கட்டித் தருவதை, துபாயிலிருக்கும் மகனுக்கு மசாலாவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தால், விமான நிலையத்தில் அவன் போதைப்பொருள் வழக்கில் மாட்ட நேரிடும். ஊருக்குப் பெட்டி கட்டும் அம்மாக்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்.

குறை இருந்தால் நிரப்புங்கள்

உறக்கத்துக்கென்று விளம்பரம் செய்யப்படாத ஒரு சத்து, சிலருக்கு உண்மையிலேயே உறக்கத்தை மீட்டுத் தருகிறது. அது இரும்பு. படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல, இழுப்பது போல ஒரு குடைச்சல். எழுந்து நடந்தால் தணிகிறது. மீண்டும் படுத்தால் வருகிறது. “கால் குடையுது, கொஞ்சம் அமுக்கிவிடு” என்று நம் அம்மாக்கள் சொல்வதில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம். உடலில் இரும்புச் சேமிப்பு குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் மகாராஷ்டிரத்தில் 54.2 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஆகவே இது அபூர்வமான விஷயம் அல்ல.

ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். கால் குடைச்சல் உள்ளவருக்கு அது 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கக்கூடும். காபி, டீயோடு சேர்த்து இரும்பு மாத்திரை போட்டால் அது உடம்பில் சேராது. பரிசோதனை இல்லாமல் எல்லோரும் இரும்பு சாப்பிடுவதும் தவறு. தேவையில்லாத இரும்பு உறுப்புகளில் தங்கிக் கெடுதல் செய்யும்.

மெக்னீசியம் இன்று எங்கும் பேசப்படுகிறது. முதியவர்களிடம் நடந்த மூன்று சிறிய ஆய்வுகளை, மொத்தம் 151 பேரை, 2021-ல் தொகுத்துப் பார்த்தார்கள். மெக்னீசியம் சாப்பிட்டவர்கள் சுமார் 17 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்பதைத் தொகுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். மாத்திரையாகச் சாப்பிடும்போது ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க வரம்பு. மீறினால் முதலில் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. கேழ்வரகு, எள்ளு, வேர்க்கடலை, கீரை, பருப்பு இவற்றிலெல்லாம் மெக்னீசியம் தாராளமாக இருக்கிறது. நம் சமையலை விடாமல் இருந்தாலே பலருக்குப் போதும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் இரும்பையும் மெக்னீசியத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிட வேண்டும்.

சீசாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

மெடிக்கல் ஷாப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சீசாக்கள் சட்டத்தின் கண்ணில் மூன்று வேறு சாதிகள்.

முதல் வகை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையில் சிவப்பு அடையாளமும் எச்சரிக்கையும் இருக்கும். அல்ப்ரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை 2013-ல் அறிவிக்கப்பட்டு 2014-ல் நடைமுறைக்கு வந்த ஹெச்-1 அட்டவணையில் உள்ளவை. இவற்றை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ‘தெரிந்த கடை’ என்று சீட்டில்லாமல் வாங்கினால், அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றி வைக்கிறோம்.

இரண்டாம் வகை, உணவுத் துணைப்பொருள். இதில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற குறிப்பும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று ஆங்கிலத்தில் பொருள்படும் வாசகமும் இருக்க வேண்டும். உரிம எண் இருப்பதால் அது உறக்கம் தரும் என்று அரசு சான்றளித்ததாக ஆகாது. தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்பது மட்டுமே அதன் பொருள்.

மூன்றாம் வகை, ‘சித்த மருந்து’, ‘ஆயுர்வேத மருந்து’ என்று அச்சிட்டு, தயாரிப்பு உரிம எண்ணோடு வருபவை. இவை மருந்துகள், மருந்துக்குரிய மரியாதையோடுதான் அணுக வேண்டும். இந்த மூன்றிலும் சேராமல், பெயரில்லாத டப்பாவில் ‘ஒரே ராத்திரியில் குணம்’ என்று வருவதைத் தொடவே வேண்டாம்.

‘இரகசியக் கலவை’ என்று சொல்லி ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று எழுதாத சீசாவையும் தள்ளி வையுங்கள். பத்துப் பொருள் கலந்த மாத்திரையில் ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. 1989-ல் அமெரிக்காவில், உறக்கத்துக்காக எல்-ட்ரிப்டோஃபான் சாப்பிட்டவர்களுக்குக் கடும் தசைவலி நோய் வந்து 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே ஜப்பானியத் தயாரிப்பாளரின் சரக்கில் இருந்த மாசுதான் அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. பால், பருப்பு போன்ற சாதாரண உணவுகளிலும் உள்ள ஒரு பொருளே, தயாரிப்பில் பிசகினால் உயிரை வாங்கும் என்பதற்கு அது சாட்சி.

கூட்டுச் சேர்ந்தால் வரும் வினை

தனித்தனியே சாதுவானவை சேர்ந்தால் சாதுவாக இருப்பதில்லை. உறக்க மாத்திரையோடு மெலடோனின், அதோடு அமுக்கரா, அதோடு சளிக்கான மாத்திரை என்று நான்கும் சேர்ந்தால், இரவு பாத்ரூமுக்கு எழும் பெரியவர் தடுமாறி விழுகிறார். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவு என்பது ஒரு இரவு உறக்கத்துக்குக் கொடுக்கும் மிகப் பெரிய விலை. பழைய வகை சளி, அலர்ஜி மாத்திரைகளை உறக்கத்துக்காகப் போடுவது முதியவர்களுக்கு மலச்சிக்கலையும் மனக்குழப்பத்தையும் தரும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோரும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மெலடோனின் பற்றி டாக்டரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. அல்ப்ரசோலம் போன்ற மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிடுபவர், இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றமும், சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறக்குறைய எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், கடைசிக் காபி எப்போது, பகலில் எவ்வளவு தூங்கினீர்கள் என்று நாலு வரி போதும். காரணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு, வீட்டிலுள்ள எல்லாச் சீசாக்களையும் ஒரு பையில் போட்டு, அந்த நோட்டோடு டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். அலோபதி டாக்டரிடம் சித்த மருந்தை மறைப்பதும், சித்த வைத்தியரிடம் அலோபதி மாத்திரையை மறைப்பதும் நம்மவர்களிடம் உள்ள பெரிய குறை. இருவருக்கும் எல்லாம் தெரியட்டும்.

அவர் சம்மதித்தால் ஒரே ஒரு பொருளை, குறைந்த அளவில் தொடங்குங்கள். நான்கு வாரம் பாருங்கள். நோட்டில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதன் மேல் இன்னொன்றை ஏற்றாதீர்கள். ஏதாவது கெடுதல் தெரிந்தால் நிறுத்தி டாக்டரிடம் சொல்வதோடு, மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கும் தெரிவிக்கலாம். கவலையும் தனிமையும் காரணமென்று தோன்றினால், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். மராட்டியோ இந்தியோ சரளமாக வராத அம்மா அப்பாவுக்கு இது பெரிய வசதி.

மாத்திரை இல்லாத சிகிச்சையும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. அதன் சாரம் எளிது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போய், கண் சொக்கியதும் திரும்புவது, படுக்கையில் டி.வி.யும் செல்போனும் கூடாது. காலை வெயிலில் அரைமணி நடப்பது. இரவு ஷிஃப்ட் பிள்ளைகள் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து வெளிச்சத்தைத் தவிர்த்து, தடித்த திரை போட்ட அறையில் தூங்கட்டும். காலை பத்து மணிக்குக் குக்கர் விசிலும் விருந்தினர் பேச்சும் அவர்களை எழுப்பாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பங்கு.

அன்பு வாசகர்களே, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை “உங்களுக்கு என்னப்பா வாங்கி வரட்டும்?” என்று கேட்டால், உறக்க மிட்டாய் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பதில், வந்ததும் ஒரு நாள் ஒதுக்கி, நம் அலமாரியிலுள்ள சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரும் அளவும் காலாவதி தேதியும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்ட அந்த ஒரு தாள் போதும்.